மூன்று கிலோ பூட்டு

அந்த விளக்குமாற்றுக் கட்டைக் கொஞ்சம் தள்ளி வை. ஈர்க்கு காலில் குத்துகிறது. வேட்டியைத் தாண்டிக் குத்துகிறது.

என் பையையா? நகர்த்த முடியாது. மடியில்தான் இருக்கும். கீழே வைத்தால், இந்த டிரைவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு, முன் சீட்டுக்குப் போய்விடும். மூன்று கிலோ. தேங்காய் இல்லை. பழம் இல்லை. பூட்டு.

ஆமாம், பூட்டுதான். ஏன், பூட்டைப் பார்த்ததில்லையா?

கண்டக்டரும் இப்படித்தான் பார்த்தான். உன்னுடைய ஐம்பது விளக்குமாற்றுக்கு லக்கேஜ் கேட்கவில்லை. என் மஞ்சள் பைக்குக் கேட்கிறான். "பெருசு, உள்ள என்ன இரும்பா? லக்கேஜ் போடணும்" என்றான். "உள்ள சாமி இருக்கு, போடுறியா?" என்றேன். போய்விட்டான். சாமி என்றால் பயம். வேறு எதற்கும் பயம் கிடையாது இவர்களுக்கு.

பழனிக்கு. நீயும் பழனிதானா? நல்லது. இறங்கும்போது சொல்லு. எனக்கு இந்தப் பக்கம் பழக்கம் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை வந்திருக்கிறேன். இரண்டே அதிகம்.

பேத்திக்குக் காதுகுத்து. அடிவாரத்தில் ஏதோ மண்டபமாம். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். மணி என்ன? ஒன்பது ஆகவில்லையே? சரி.

காதுகுத்துக்கு எதற்குப் பூட்டு என்று கேட்கிறாய். கேட்காமல் இருக்க மாட்டாய் என்று தெரியும். சொல்கிறேன். நடுவில் பேசாதே.

இது என் வீட்டு இரும்புப் பெட்டியின் பூட்டு. பெட்டி என்றால் தகர பீரோ என்று நினைக்காதே. நிலக்கோட்டையில் சொசைட்டி கோடவுனில் நான் கீப்பர். முப்பத்தோரு வருஷம். நாலு கதவு, நாலு பூட்டு, எல்லாச் சாவியும் என்னிடம். ஒரு மூட்டை குறைந்ததில்லை. எலி தின்றது தவிர. அங்கே புதுப் பெட்டி வந்தபோது பழையதை ஏலம் விட்டார்கள். யாரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போக எவனுக்கும் தெம்பு இல்லை, அதுதான். நான் எடுத்தேன். ஆறு பேர் உருளை போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கன்னி மூலையில் வைத்தேன். கதவு வடக்குப் பார்த்து. அதற்கப்புறம் அது அங்கிருந்து நகரவில்லை.

சாவி இடுப்பில். அரைஞாண் கயிற்றில். குளித்தாலும் இருக்கும், படுத்தாலும் இருக்கும். குடல்வால் எடுத்தபோது ஆபரேஷன் தியேட்டரில் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நர்ஸ் பிளாஸ்திரி போட்டுத் தொடையோடு ஒட்டிவிட்டாள். அந்த ஒருத்திக்குத்தான் அந்த ஆஸ்பத்திரியில் மூளை இருந்தது.

பெண்டாட்டி பேர் குருவம்மா. இப்போது இல்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளிடம் நான் சாவி கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. ஏதாவது வேண்டும் என்றால் சொல்வாள். நான் திறப்பேன். அவள் எடுப்பாள். நான் பின்னால் நிற்பேன். மறுபடி பூட்டுவேன். முப்பத்து நாலு வருஷம் இப்படித்தான். ஒரு சண்டை கிடையாது.

என்ன பார்க்கிறாய்? உன் வீட்டுக்காரன் உன்னிடம் சாவி கொடுக்கிறானா? ... வீட்டில் பூட்டே இல்லையா? அப்படியானால் பேசாதே.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பெட்டிக்குப் பூஜை. அது குருவம்மா வேலை. அந்த வேலையை எப்படிச் செய்வாள் தெரியுமா? உட்கார்ந்துவிடுவாள். பெட்டிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு. விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக்கொள்வாள். அதைச் சாவித் துவாரத்தில் விட்டு நோண்டுவாள். ஊதுவாள். மறுபடி நோண்டுவாள். கிழிந்த சேலைத் துணியைத் திரித்து உள்ளே விட்டுச் சுற்றுவாள். மறுபடி ஊதுவாள். இவ்வளவும் முடிந்த பிறகு துவாரத்துக்கு மேலே, ஒரு விரல் தள்ளி, சந்தனத்தில் பொட்டு. பொட்டு என்றால் எவ்வளவு? மிளகளவு. அதன்மேல் குங்குமம். அதற்கு அரை மணி நேரம். நான் காபிக்கு உட்கார்ந்திருப்பேன். "அந்தப் பூட்டுக்குக் காது குடையறது முடிஞ்சுதா இல்லையா?" என்பேன். ஊதுகிற சத்தம்தான் வரும்.

சோம்பேறித்தனம். வேறென்ன. ஒரு இடத்தில் உட்காரச் சாக்கு.

இது ரெட்டியார்சத்திரமா? நில்லாமல் போகிறானே. நிற்கிறானா? எதற்கு நிற்கிறான்? ஏறுகிறவனே இல்லை.

மகள் பேர் சுகந்தி. ஒரே மகள். ஒரு மகன் இருக்கிறான், ஓசூரில். அவன் பேச்சை விடு. நேராகப் பழனிக்கு வந்துவிடுவான், தாய்மாமன் மடி வேண்டுமே, அதற்கு. மடி மட்டும் கொண்டு வருவான்.

சுகந்திக்குக் காது குத்தியபோது போட்ட தோடு ஒன்று. சிவப்புக் கல். ஜோடியும் சேர்ந்து ஒரு கிராம் இருக்குமா? இருக்காது. குண்டுமணி அளவு. குருவம்மா அதை அழிக்க விடவில்லை. ஒரு குங்கும டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பேத்தி பிறந்ததும் சுகந்தியிடம் சொல்லியிருக்கிறாள், பாப்பா காதுக்கு அதுதான் என்று. என்னிடம் கேட்கவில்லை. பெட்டி யாருடையது? சரி, விடு.

பதினோராம் மாதம் காது குத்துவதாக இருந்தது. நாள் பார்த்து, ஆசாரிக்குச் சொல்லி, எல்லாம் ஆயிற்று. குருவம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நின்றுபோயிற்று. அப்புறம் அவள் போய்விட்டாள். தலைத்திவசம் முடியட்டும் என்று சுகந்தியே தள்ளிப்போட்டாள். இப்போது குழந்தைக்கு மூன்று நடக்கிறது. மூன்று முடிந்தால் நாலு. இரட்டைப்படையில் குத்தக் கூடாது. அதனால் இன்றைக்கு.

குழந்தை பேரா? வாயில் நுழையாது. பாப்பா என்று கூப்பிடுவேன். போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன். அது போனைக் கீழே போட்டுவிட்டது.

கருமாதி அன்றைக்கு நடந்ததைக் கேள். வீடு நிறைய ஜனம். பந்தி நடக்கிறது. சுகந்தி வந்து நிற்கிறாள். கண்ணெல்லாம் வீங்கி. "அப்பா, அம்மா எடுத்து வச்ச தோடு பெட்டியில இருக்கு. நான் போறப்ப எடுத்துட்டுப் போறேன்ப்பா." அத்தனை பேருக்கு முன்னால். பதினாறு நாள்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் தோடு. எனக்கு எரிச்சல் வருமா வராதா?

"பூட்டு சரியில்லை. அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

அப்போது பூட்டு நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

தீபாவளிக்குக் கேட்டாள். பூட்டு சரியில்லை. பொங்கலுக்குக் கேட்டாள். பூட்டு சரியில்லை. "ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கப்பா" என்பாள். "பார்க்கிறேன்" என்பேன். நம்பினாள். ஒரு வருஷம் நம்பினாள்.

திறந்து கொடுத்துவிட்டுப் போகலாமே என்கிறாயா? போகலாம். உனக்கென்ன. ஆஸ்பத்திரியில் குருவம்மாவின் மூக்குத்தியையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி ஒரு காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நான்தான் பெட்டிக்குள் போட்டேன். பூட்டினேன். அதற்கப்புறம் திறக்க வேண்டிய வேலை எனக்கு வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை. வேலை இல்லாமல் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன பைத்தியமா?

ஆனால் பூஜையை விடவில்லை. அவள் இல்லை என்றால் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை வராதா? நானே செய்தேன். அவளைவிட நன்றாகவே செய்தேன். மிளகளவு பொட்டெல்லாம் கிடையாது. உள்ளங்கை நிறையச் சந்தனம் குழைத்து, துவாரத்தின் மேலேயே அப்புவேன். லட்சுமி உள்ளே போகிற வழி எது? அதுதானே? அங்கே வைக்காமல் ஒரு விரல் தள்ளி வைத்தால் என்ன அர்த்தம்? அவளுக்கு இது முப்பத்து நாலு வருஷம் தோன்றவில்லை. அதன்மேல் குங்குமம். பூட்டு வறண்டுபோகக் கூடாது என்று ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். மொத்தம் மூன்று நிமிஷம். நோண்டல், ஊதல் ஒன்றும் கிடையாது. எழுபது வெள்ளிக்கிழமை. ஒன்று விடவில்லை.

சிரிக்கிறாயா? எதற்குச் சிரிக்கிறாய்? ... ஒன்றும் இல்லை என்றால் வாயை மூடு.

போன மாதம் சுகந்தி போன் செய்தாள். நாள் குறித்தாயிற்று, வந்துவிடுங்கள் என்றாள். அவ்வளவுதான். தோடு என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்பாள் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டால் ஒரு எரிச்சல், கேட்காவிட்டால் வேறு எரிச்சல். சரி, தொலையட்டும், கொடுத்துவிடுவோம் என்று போய்ச் சாவியைப் போட்டேன்.

போகவில்லை.

பாதி போகிறது. அப்புறம் ஏதோ களியில் குத்தியது மாதிரி நிற்கிறது. முன்னால் பின்னால் ஆட்டினேன். எண்ணெய் விட்டேன். வழிந்து வெளியே வந்தது. அரை நாள். நகரவில்லை.

சுகந்திக்குப் போன் செய்தேன். "பூட்டு திறக்கலை" என்றேன். அவள் சொன்னாள், "ஒன்றரை வருஷமா இதைத்தானேப்பா சொல்றீங்க." நான் சொன்னேன், "இல்லை, இப்ப நிஜமாவே திறக்கலை." சொன்ன பிறகுதான் என் வாயில் இருந்து என்ன வந்தது என்று தெரிந்தது. அவள் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கூப்பிட்டார். அவர் ஒரு ஆள். பேசினால் வெண்ணெய் வழியும். "பரவால்ல மாமா, நீங்க சிரமப்படாதீங்க, எங்க வீட்டுலயே புதுசா ஒண்ணு எடுத்தாச்சு" என்றார். கேட்டாயா? என் பேத்தி காதுக்கு அவர்கள் வீட்டுத் தோடு. அம்மா வீட்டில் இருந்து போக வேண்டியது. ஊர் என்ன சொல்லும்? கிழவன் ஒரு கிராம் தங்கத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான் என்று சொல்லும். சுகந்தி சபையில் நின்று அதைக் கேட்க வேண்டும். எனக்காக இல்லை. அவளுக்காகச் சொல்கிறேன்.

பொய் சொன்னபோது நம்பினாள். பூட்டு நிஜமாகவே கெட்டதும் நம்பவில்லை. இதுதான் நான் வளர்த்த பெண்.

ஒட்டன்சத்திரம் வந்துவிட்டதா? இந்தத் தக்காளிக் கூடைகளைப் பார். இதற்கெல்லாம் லக்கேஜ் போடுகிறானா பார். மாட்டான்.

முதலில் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்துச் சாவி போடுகிறானே, அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சைக்கிள் பூட்டு, ஸ்கூட்டர் பூட்டு திறக்கிறவன். பெட்டியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பெரிய ஐட்டம் சார்" என்றான். பெரியது என்று எனக்குத் தெரியாதா? என் சாவியை வாங்கிப் போட்டான். சுத்தியலால் தட்டினான். நான் வேண்டாம் என்றேன். தட்டினான். இடுக்கி போட்டுத் திருகினான். டக் என்று ஒரு சத்தம். பாதிச் சாவி அவன் கையில். மீதி உள்ளே. முப்பத்தைந்து வருஷம் என் இடுப்பில் இருந்த சாவி. ஐந்து நிமிஷத்தில் முறித்துவிட்டு, "சாவி வீக்கா இருந்திருக்கு சார்" என்கிறான். அடிக்கக் கை ஓங்கினேன். ஓடிவிட்டான். சுத்தியலை விட்டுவிட்டு ஓடினான். என்னிடம்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் வந்து நின்று, "வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு அறுத்துடலாமே" என்றார். உங்கள் வீட்டுக் கதவை முதலில் அறுங்கள் என்றேன். அவர் இப்போது பேசுவதில்லை. நிம்மதி.

கடைசியில் திண்டுக்கல்லில் இருந்து செபஸ்தியான் என்று ஒருவன் வந்தான். நேற்றுக் காலையில். ஐம்பது வயசு இருக்கும். பூட்டுக்காரன். பேச்சு குறைவு, அந்த மட்டில் சரி. துவாரத்தைப் பார்த்தான். முகர்ந்தான். ஆமாம், முகர்ந்தான். நாய் மாதிரி.

"என்ன சார், சந்தன வாசம் வருது?"

"பூஜை செய்தால் சந்தன வாசம் வராமல் சாக்கடை வாசமா வரும்?" என்றேன்.

துவாரத்துக்குப் பக்கத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு ஓட்டை போட்டான். அதில் கம்பியை விட்டு வேலை செய்தான். உள்ளே எட்டுத் தகடு இருக்கும். லீவர் என்பார்கள். சாவி போய் எட்டையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கினால்தான் பூட்டின் நாக்கு பின்னால் போகும். இவன் ஒவ்வொன்றாகத் தூக்கினான். மூன்று மணி நேரம். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. தெரியாத ஆளைப் பெட்டியோடு விட்டுவிட்டு எழுந்திருக்க முடியுமா?

திறந்தது.

முதலில் கண்ணில் பட்டது அந்தக் கண்ணாடிதான். மேல் தட்டில். செபஸ்தியானும் பார்த்தான். "மூக்குக் கண்ணாடியையுமா சார் சேஃப்ல வைப்பாங்க?" என்றான். "உன் வேலையைப் பார்" என்றேன். பார்த்தான்.

கதவின் உள்பக்கம் திருகைக் கழற்றிப் பூட்டை எடுத்தான். எடுத்து மூடியைத் திறந்து மேஜை மேல் வைத்தான். பார்க்கிறேன், உள்ளே ஒரு கட்டி. பழுப்பும் சிவப்புமாக. நாட்டுச் சர்க்கரை அச்சு மாதிரி. சந்தனம், குங்குமம், எண்ணெய் எல்லாம் சேர்ந்து இறுகிப்போய்க் கிடக்கிறது. அதற்கு நடுவில் முறிந்த சாவி. பல் மாதிரி.

இப்போது வருகிற சந்தனம் அப்படி. பாக்கெட் சந்தனம். எல்லாம் மாவு. எண்ணெயும் கலப்படம். எதை நம்பிப் பூஜை செய்வது?

செபஸ்தியான் ஒரு மூலையில் நகத்தால் சுரண்டினான். "சார், இது ஒண்ணு ரெண்டு வருஷத்து அடைப்புதான். அடியில பாருங்க, பித்தளை புதுசாட்டம் இருக்கு. யாரோ வாரா வாரம் சுத்தம் பண்ணி வச்சிருக்காங்க. இல்லன்னா எப்பவோ போயிருக்கும்."

"இந்த வீட்டில் அந்தப் பூட்டைத் தொட்டவன் நான் ஒருத்தன்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். பூட்டுக்காரனுக்கு எதற்கு இந்தப் பார்வை எல்லாம்? எனக்கு அங்கே பித்தளையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. கூலிக்கு ஏதாவது சொல்வான்.

"இதையே ரிப்பேர் செய்" என்றேன். "செய்யலாம் சார். சுத்தியலால அடிச்சு ரெண்டு லீவர் வளைஞ்சிருச்சு. புதுசா வெட்டணும். பத்து நாள் ஆகும்" என்றான். பத்து நாள் எனக்கு எங்கே இருக்கிறது? மாற்று என்றேன். நம்பர் பூட்டு ஒன்று எடுத்துக் காட்டினான். பேட்டரி போடுவதாம். பெட்டிக்கு டார்ச் லைட்டா மாட்டுகிறாய், சாவிப் பூட்டு கொடு என்றேன். கொண்டு வந்திருந்தான். புது ஓட்டை போட்டு, அரம் வைத்துத் தேய்த்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து மாட்டினான். நன்றாகத்தான் மாட்டினான். அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

பழைய பூட்டை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவித் தரட்டுமா என்றான். தொடாதே என்றேன். அப்படியே வேண்டும். கட்டியோடு, முறிந்த சாவியோடு. சுகந்தி கண்ணால் பார்க்க வேண்டும். அவள் கையில் இதை வைப்பேன். "பார். உங்கப்பன் பொய் சொன்னானா?" அவ்வளவுதான். மாப்பிள்ளையும் பார்க்கட்டும். அவங்க வீட்டுக் கூட்டம் மொத்தமும் பார்க்கட்டும். அதற்குத்தான் மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு இந்த வண்டியில் வருகிறேன். புரிந்ததா?

புதுப் பூட்டைச் சும்மா விட்டுவிட்டு வர முடியுமா? செபஸ்தியான் போன பிறகு சோதித்தேன். தோடு இருந்த டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டினேன். திறந்தேன். டப்பா இருந்தது. பூட்டினேன். திறந்தேன். இருந்தது. மூன்றாம் முறையும் பூட்டினேன். நல்ல பூட்டு. இரண்டு சாவி கொடுத்தான். ஒன்றை எதிர்வீட்டிலோ மகளிடமோ கொடுத்து வையுங்கள் என்றான். எல்லாருக்கும் யோசனை சொல்ல வாய் இருக்கிறது. இரண்டும் இங்கே இருக்கிறது. இடுப்பில்.

காலையில் நாலரைக்கு எழுந்தேன். குளித்தேன். சுகந்தியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சத்தமாகத்தான். வீட்டில் யார் இருக்கிறார்கள்? பூட்டைத் துண்டில் சுற்றினேன். பையில் வைத்தேன். கட்டி உதிர்ந்துவிடக் கூடாது என்று அடியில் காகிதம் போட்டேன். வீட்டைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். ஏழு மணி பஸ்.

என்ன? தோட்டைப் பார்க்கணுமா? பார். உனக்கும் தெரியட்டும், ஒரு கிராம் பொருளுக்கு என்ன ஆர்ப்பாட்டம் என்று. சின்ன டப்பா. பையில்தான்...

இரு.

சட்டைப் பையில்...

இரு, இரு. அவசரப்படுத்தாதே.

மூன்றாம் முறை பூட்டினேன். பூட்டிவிட்டுச் சாவியை எடுத்தேன். சாவியை எடுத்து அரைஞாணில் கோத்தேன். கோத்து...

நீ கேட்காமல் இருந்திருக்கலாம்.

தெரியும். பெட்டிக்குள் இருக்கிறது. நீ சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிக்குத் தங்கத்தை வேறு எங்கே வைப்பார்கள்? பெட்டிக்குள்தான் வைப்பார்கள். காலையில் இந்தச் சனியனைத் துண்டில் சுற்றுவதிலேயே...

இறங்கித் திரும்பிப் போகவா? கணக்குத் தெரியுமா உனக்கு? இது விருப்பாட்சி. இங்கிருந்து திண்டுக்கல். திண்டுக்கல்லில் இருந்து நிலக்கோட்டை. மறுபடி இவ்வளவும். மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். பன்னிரண்டுக்குள் குத்துவார்கள். எதிர்வீட்டில் சொல்லவா? வாத்தியாரிடமா? என்ன சொல்ல, வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு அறுங்கள் என்றா? சாவி இரண்டும் என் இடுப்பில் இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன். காது கேட்காதா?

சும்மா இரு கொஞ்சம்.

போன். அவள்தான். எனக்கு வேறு யார் போன் செய்வார்கள்?

"சொல்லு. ... வந்துக்கிட்டுதான் இருக்கேன். விருப்பாட்சி. ... பாப்பா சாப்பிட்டுச்சா? ... மொட்டை போட்டாச்சா. அழுதுச்சா? ... ம். ... ம். ... தோடா?"



"இருக்கு. வீட்டுல. பெட்டிக்குள்ள. ... இல்லை, பூட்டு நல்லா இருக்கு. புதுப் பூட்டு. சாவி என்கிட்டதான் இருக்கு. ... மறந்துட்டேன். ... மறந்துட்டேன்னு சொல்றேன். எத்தனை தடவை சொல்றது? சுகந்தி, நான் சொல்றதை... பழைய பூட்டை எடுத்துக்கிட்டுத்தான் வர்றேன். காட்டறேன். சந்தனம் அடைச்சு... ஹலோ."

வைத்துவிட்டாள்.

நம்பவில்லை. எப்படி நம்புவாள்? கேட்டுக்கொண்டுதானே இருந்தாய். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இதற்குப் பழைய பொய்யே தேவலை. அதை ஒரு வருஷம் நம்பினாள்.

என்ன சொல்கிறாய்? வெறுங்கையோடு போய் நின்றாலும் தாத்தா தாத்தாதானா? வெறுங்கை என்று யார் சொன்னது? மூன்று கிலோ கனம் இருக்கிறது. இந்தா, தூக்கிப் பார். ... பார்த்தாயா. இதை அவள் கையில் வைத்தால் என்ன செய்வாள்? உள்ளே என்ன கட்டி என்று கேட்பாள். சந்தனம் என்பேன். யார் அப்பினது என்பாள். அம்மா இப்படியா வைப்பாங்க என்பாள். அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஊதுவாள். இரண்டு பேரும் மாறி மாறி ஊதுவார்கள். நான் காபிக்குக் கத்துவேன்.

இது சத்திரப்பட்டியா?

ஒரு ஈர்க்கு கொடு.

விளக்குமாற்றில் இருந்து உருவிக் கொடு. விலை சொல்லு. ஒரு ஈர்க்குக்கு விலை இல்லையா? வியாபாரம் செய்யத் தெரியாதவளாக இருக்கிறாய். நல்லதாக, நீளமாகக் கொடு. இது வளைகிறது. இன்னொன்று. ம்.

துண்டைப் பிடி. இப்படி. ஆட்டாதே.

கல் மாதிரி இருக்கிறது. ஓரத்தில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும் போலிருக்கிறது. குருவம்மா எப்படி... இந்தப் பக்கம். வருகிறது. பார், வருகிறது. எவ்வளவு வருகிறது பார். எழுபது வெள்ளிக்கிழமை.

என் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன், இரு.

பித்தளைதான். துவாரத்தைச் சுற்றின வளையம் முழுக்க. தேய்ந்து தேய்ந்து முகம் தெரிகிற மாதிரி இருக்கிறது.

ஒன்றும் இல்லை. தூசி. ஊதினேன், கண்ணில் விழுந்துவிட்டது. என்னைப் பார்க்காதே, துண்டைப் பார். உன் மடியில் எல்லாம் கொட்டுகிறது, தட்டிவிடு. இன்னொரு ஈர்க்கு எடு. இன்னும் பாதி இருக்கிறது.

பழனி வந்தால் சொல்லு.